மங்கையின் வெயில் நோட்டு

9-6-82, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். மேற்கே மேகம் கூடிக் கலைந்தது. மழை இல்லை. இட்லிக்கு ஊறப்போட்டது இன்னும் அரைக்கவில்லை.

பிள்ளைகள் பாடம்: ஈரத் துணியில் கட்டிய பயறு, மூன்றாம் நாள். வேர் எல்லாம் கீழ்நோக்கி. மங்கை துணியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுவிட்டுக் கேட்டாள். "எது கீழன்னு வேருக்கு எப்படிம்மா தெரியுது?" எனக்கும் தெரியாது என்றேன். "சரி, வச்சுப் பாப்போம்" என்றாள். எட்டு வயது. சின்னவள் சித்ரா நாலு பயறைத் தின்றுவிட்டாள். ஐந்து வயதுக்கு அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தால் இப்படிக் கேட்பாளா? அடிக்கடி எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

அரியலூரிலிருந்து நாத்தனார் கார்டு. ஞாயிறு மாலை அரும்பாவூர்க்காரர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். கொழுந்தனார் சேகருக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டார்.
ரவை, சர்க்கரை, நெய். வெற்றிலை அன்று காலையில். நாற்காலி இரண்டு, பக்கத்து வீட்டில் கேட்க.

11-6-82, வெள்ளி

வெயில் கொடுமை. நாத்தனார் இன்றே வந்துவிட்டார். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே,
"பெரியவள அன்னிக்கு எங்கயாச்சும் அனுப்பிடு."
"ஏன் அண்ணி?"
"காலப் பாத்தா என்னா நெனப்பாங்க? குடும்பத்துல ஏதோ இருக்குன்னுதான. சேகருக்கு இது மூணாவது எடம்."
"அது காய்ச்சல்ல வந்ததுங்க. பரம்பரையா வர்றது இல்ல."
"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

நான் எடுத்துச் சொல்கிறேன் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியர் பயிற்சி முடித்தவள். உப்பு எப்படிக் கரைகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்கத் தெரிகிறது. சொல்லவில்லை. இவர் பேப்பரை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

மங்கைக்கு வந்தது இளம்பிள்ளை வாதம், இரண்டு வயதில். இடது கால் சூம்பிப்போயிற்று. முழங்காலில் கையை ஊன்றித்தான் நடை.

12-6-82, சனி

அனுப்ப இடம் ஏது. மேற்கு அறையிலேயே இருக்கட்டும் என்று முடிவு.

மங்கையிடம் சொன்னது: ஜன்னல் வழியாகத் தரையில் விழும் வெயில் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். கால் மணிக்கு ஒரு சாக்பீஸ் கோடு. மூன்று மணியிலிருந்து வெயில் போகும் வரை. நடுவில் எழுந்து வந்தால் கணக்குத் தப்பிவிடும்.
"எப்பவும் போல பாத்ததும் கேட்டதும் எழுதணுமாம்மா?"
"ஆமா, எப்பவும் போல."
பென்சிலை இரண்டு முனையிலும் சீவி வைத்துக்கொண்டாள். அலாரம் கடிகாரத்தை இன்றே அறைக்குள் கொண்டுபோய்விட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

13-6-82, ஞாயிறு

ஆறு பேர் வந்தார்கள். கேசரி நன்றாக வந்தது. பெண்ணின் அம்மா மெதுவாகப் பேசுகிறவர். சித்ரா பாடினாள், ஆடினாள். சேகர் தலை நிமிரவில்லை. ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். பிடித்திருக்கிறதாம். நாத்தனாருக்கு முகம் மலர்ந்தது. எல்லாம் நல்லபடி. எனக்குத்தான் தலைவலி.

14-6-82, திங்கள்

நேற்று இங்கே எழுதாமல் விட்டது ஒன்று. யாரும் படிக்காத நோட்டில்கூட எழுதவில்லை.

காலையில் மங்கை தன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "திருத்தும்மா."

3.00 வெயில் ஜன்னலுக்கு அடியில்.
3.15 நாலு விரல் நகர்ந்தது.
3.30 கட்டில் காலைத் தொட்டது. சித்ரா பாட்டு.
3.45 மேகம். வெயில் இல்லை. ஒரு அம்மா எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். அம்மா ஒண்ணுதாங்க என்றாள்.
4.00 வெயில் திரும்பவும் வந்தது. ஐந்து விரல்.

அதன் பிறகும் ஐந்தரை வரை ஒரு கால் மணிகூட விடவில்லை. ஒரு எழுத்துப் பிழை இல்லை. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணுன்னு சொன்னது சித்ராவயா?"
"சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகணும்ல கண்ணு."
"என் காலால ஆகாதா?"
"அப்படி இல்ல. அது காய்ச்சல்ல..."
"அதான் எனக்குச் சொல்லியிருக்கியே. அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதான."
அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனேன். வாசலில் நாலைந்து பிள்ளைகள் அவளைப் போலவே நடந்து காட்டிச் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. நான் அப்படியே திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன். அன்றிலிருந்து ஊரில் சொல்வது, ஐம்பது பிள்ளைகளோடு உட்கார்ந்து கத்துவதைவிட நானே நன்றாகச் சொல்லித்தருவேன் என்று. சொல்லித்தந்தது பொய் இல்லை. பயறு, காந்தம், தலைப்பிரட்டை, எல்லாம் மனசாரத்தான். ஆனால் முதலில் செய்தது ஒளித்து வைத்தது. நேற்று செய்ததும் அதேதான், கதவு மட்டும் ஒன்று கூடுதல்.

15-6-82, செவ்வாய்

அரும்பாவூர் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். இவர்: "இப்ப எதுக்கு? நாள் குறிக்கட்டும், பாத்துக்கலாம்." நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சேகரிடம் சொன்னேன். "நானும் அங்கதான அண்ணி ஒக்காந்திருந்தேன். கேட்டுக்கிட்டே கேசரி தின்னேன். நாளைக்கு லீவு போடறேன், போவோம்."

மங்கையிடம், வர்றியா என்றேன்.
"எதுக்கு?"
"நான் சொன்னது பொய்யின்னு சொல்லப்போறேன்."
யோசித்தாள். "ஜன்னல் சீட்டுன்னா வரேன்."

16-6-82, புதன்

மூன்று பஸ். பெரம்பலூரில் ஒரு மணி நேரம் நின்றோம். மங்கைக்குக் கால் வீங்கிவிட்டது.

வீட்டில் பெண்ணின் அப்பாவும் அம்மாவும். மங்கை உள்ளே நடந்து வந்ததைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.
"எங்க மூத்த பொண்ணுங்க. அன்னிக்கு ஒண்ணுன்னு சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன்."
அந்த அம்மா, "அன்னிக்கு எங்கங்க இருந்துச்சு புள்ள?"
நான் வாய் திறக்கும் முன் மங்கை: "உள்ளதான் இருந்தேன். வெயில் அளந்துகிட்டு."
"நாங்க இருந்த நேரம் பூராவுமா?"
"ஆமா."
அவர் என்னைப் பார்த்தார். மங்கையைக் கட்டிலில் உட்கார வைத்துச் சோறு போட்டார், மோர் ஊற்றினார். காய்ச்சலில் வந்தது என்று சேகர் விளக்கிக்கொண்டிருந்தான். கடிதம் போடுகிறோம் என்றார் பெண்ணின் அப்பா. எனக்கும் இலை போட்டார்கள்.

19-6-82, சனி

நல்ல மழை. துணி காயவில்லை. கார்டு வந்தது. ஆவணியில் வைத்துக்கொள்ளலாமாம். சேகர் பெயருக்கு எழுதியிருக்கிறார்கள். என்னையோ இவரையோ விசாரித்து ஒரு வரி இல்லை. இவர் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு ஆணியில் குத்திவைத்தார்.

மங்கையிடம் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடம் போறியா என்று. இன்று: "போய்த்தான் பாக்கறேன். பிடிக்கலன்னா?"
"சொல்லு. கேக்கறேன்."

21-6-82, திங்கள்

மழை விட்டுச் சேறு. மங்கை மூன்றாம் வகுப்பு. தலைமையாசிரியர் ஒரு பாடம் படிக்கச் சொன்னார், படித்தாள். இவ்வளவு நாள் எங்கே என்றார். வீட்டில் வைத்திருந்தேன் என்றேன். ஏன் என்றார். வெட்கப்பட்டுக்கொண்டு என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு, பிறகு எழுதினார்.

வகுப்பு வாசலில் நாற்பது முகமும் திரும்பின. ஒருத்தன் ஏதோ முணுமுணுத்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். மங்கை இந்தத் தடவை சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்து, முழங்காலில் கை ஊன்றி, கடைசி வரிசையில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். எழுந்து வாசல் வரை மறுபடி நடந்து வந்தாள். தாழ்ந்த குரலில்,
"நீ போம்மா. நீ நிக்கறதப் பாத்துத்தான் எல்லாரும் திரும்பறாங்க."

சரி என்று வந்துவிட்டேன். வேப்பமரம் வரைக்கும்தான். அதன் பின்னால் நின்றேன், மணி அடிக்கும் வரை.