கிணற்றில் வந்த வெள்ளை

ரோச், 3 மார்ச் 1871

டிகரி ரௌஸ் அவர்களுக்கு,

நலம். உங்கள் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

அப்பா எனக்கு விட்டுப்போன மேட்டுநிலத்தில் கிணறு வெட்டினோம். பத்தடியில் கருங்கல் வரும் என்று ஆள் உளியோடு இறங்கினான். "அம்மா, உளி எதுக்கு? ஒரு கரண்டி குடுங்க, அள்ளிடுறேன்" என்று குரல் வந்தது. கல் தயிராய்க் குழைந்து கிடக்கிறது. தண்ணீர் பால் நிறம். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. செத்த பாறை, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தின் விலைக்கு ஒருவர் கேட்கிறார். அடுத்த சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

என் தம்பி பாஸ்கோவிடம் அவன் பங்கு நிலத்தை நீங்கள் வாங்கியதும் இதே விலைக்குத்தான். அடியில் என்ன இருக்கிறதென்று தெரிந்தும் அவனிடம் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் வீட்டைவிட்டு வந்தேன். எனக்காவது உண்மையைச் சொல்லுங்கள். அந்தக் கல்லில் ஒரு கட்டி அனுப்பியிருக்கிறேன்.

லவ்டே

செயின்ட் ஆஸ்டல், 6 மார்ச்

அன்புள்ள லவ்டே,

மூன்று வருஷத்தில் உன் முதல் கடிதம், அதுவும் மண்ணோடு. போகட்டும், வந்ததே.

கட்டியைக் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நின்ற பாலில் ஒரு துளியைப் பல்லில் வைத்துப் பார்த்தேன். நறநறப்பே இல்லை. முதல் தரம்.

செத்த பாறை என்றவன் தகரச் சுரங்கக்காரனாக இருப்பான். அவனுக்கு உளி தெறித்தால்தான் பாறை. நம் கருங்கல்லில் மூன்று சரக்கு உண்டு: படிகம், காக்காப்பொன், பெல்ட்ஸ்பார் என்கிற வெளிர்கல். மண்ணில் இறங்கும் நீரில் லேசான புளிப்பு இருக்கிறது. அது யுகயுகமாய் வெளிர்கல்லை அரித்து, அதிலுள்ள சாம்பல் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். மிச்சம்தான் பீங்கான் களி. படித்தவர்கள் கயோலின் என்பார்கள். படிகம் மட்டும் அசையாமல் மணலாய்க் கிடக்கும். மழைநீர் செய்தது என்கிறான் ஒருவன், கீழிருந்து வந்த சுடுநீர் என்கிறான் இன்னொருவன். எதுவானாலும், பீங்கான்காரன் வெளுப்பைத்தான் கேட்பான், அதற்கு நல்ல விலையும் கொடுப்பான்.

நிலத்தை விற்காதே. என்னைப் போன்ற களி வியாபாரிக்கு விற்கவே விற்காதே. தோண்டும் உரிமையை மட்டும் குத்தகைக்கு விடு, டன்னுக்கு இவ்வளவு என்று.

பாஸ்கோவிடம் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு வியாபாரம் என்று பெயர் வைத்தேன். அது திருட்டுக்குப் பக்கத்து வீடு.

டிகரி

ரோச், 12 மார்ச்

அன்புள்ள டிகரி,

வந்தவரிடம் விற்பதற்கில்லை என்றேன். "யாரும்மா உனக்குச் சொன்னது?" என்றார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். வாயில் அப்படியே வந்துவிட்டது.

குத்தகை உங்களுக்கு இல்லை. வேறொருவரிடம் பேசி முடித்துவிட்டேன். கோபப்படுவீர்கள், பட்டுக்கொள்ளுங்கள். நிலத்தை உங்களிடம் விற்றுவிட்டுக் கப்பலேறிய பாஸ்கோ இன்னும் ஆஸ்திரேலியாவில்தான் இருக்கிறான். எனக்கு எழுதியதை அவனுக்கும் எழுதுங்கள், கடைசி வரியையும் விடாமல். அதைத் தபாலில் சேர்த்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இங்கே வாருங்கள். இறைச்சி வைத்து மடித்த பாஸ்டி இரண்டு சுடுவேன். ஒன்றின் மூலையில், முன்பு போலவே, உங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டே சுடுவேன்.

உங்கள்
லவ்டே