உங்கள் தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

இப்போது நான் டூட்டி பார்க்கிற வீட்டில், பக்கத்து அறையில் யாரோ துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணெய் வாடை வந்ததும் மருந்தைச் சிந்திவிட்டேன், மாமா. இங்கே வேலைக்கு வந்த நாங்கள் வீட்டு எஜமானியை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறோம். குளச்சலில் என் அம்மா அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தாள்.

தோள் எலும்பு முறிந்து பிளேட் வைத்துக்கொண்டு நீங்கள் ஷார்ஜா வீட்டுக்குத் திரும்பியபோது நான் நர்ஸாக வந்து சேர்ந்தேன். குணமானதும் பிள்ளைகளோடு வெளிநாட்டுக்கு மான் வேட்டைக்குப் போயே தீருவேன் என்றீர்கள். டாக்டர் அரைமனதாகத் தலையாட்டினார்.

உங்கள் மூத்த மகன் நம்மைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அழைத்துப்போனார். கடையும் அங்கேயே இருந்தது. "உம்மிக்குத் தூக்க லேசாக இருக்கட்டும்" என்று அம்மாவுக்காகக் கனமே இல்லாத ஒன்றை எடுத்தார். அன்போடுதான் எடுத்தார். கடையில் விற்பனைக்கு நின்ற காயல்பட்டினத்துக்காரர் என் பக்கம் குனிந்தார்.

"சிஸ்டர், தோட்டா பெருசு, துப்பாக்கி லேசு. சுட்டா பின்னால வர்ற உதை முழுக்கத் தோள்லதான் விழும். சின்னத் தோட்டா, கொஞ்சம் கனமான துப்பாக்கி, அதுதான் இவங்களுக்கு. நான் சொல்லிப் பாத்துட்டேன், அவர் கேக்கல."

"அண்ணே, அவங்க தோள்ல பிளேட் இருக்கு."

"அப்ப நீங்க சொல்லுங்க."

எப்படிச் சொல்ல? என் விசா உங்கள் மகன் கையில். நான் யோசிப்பதற்குள் நீங்கள் குறிபார்க்க உட்கார்ந்துவிட்டீர்கள். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்தது. விரல் ஆடியது. சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். ஊசிக்கு முன்னால் நீங்கள் பார்க்கிற பார்வை அது.

"கலாஸ், போதும்," என்று துப்பாக்கியைக் கீழே வைத்தீர்கள். "சிஸ்டர் வேண்டாம் என்கிறாள்."

நான் வாயே திறந்திருக்கவில்லை. மகன் திரும்பினார்.

"நீயா சொன்னாய்?"

நாளைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"ஆமாம் சார். இது தோளை உடைத்துவிடும். சின்னது போதும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் கை காட்டினார். கனமான துப்பாக்கி வந்தது. உங்கள் கைக்கு எட்டும்படி கட்டை குட்டை, தோளில் படுகிற இடத்தில் தடித்த ரப்பர். நீங்கள் சுட்டபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் தோள் அதன் இடத்தில் இருந்தது. இலக்கு அட்டையின் ஓரம் கிழிந்திருந்தது.

காரில் உங்கள் அபாயா அங்கிக்கு அடியில் என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"பயம் என்று அவனிடம் சொன்னால், இனிமேல் என்னை எங்கும் கூட்டிப்போக மாட்டான்," என்றீர்கள், மெல்ல.

வேட்டைக்குப் போனீர்கள். மான் கிடைக்காமலே சிரித்துக்கொண்டு வந்தீர்கள். அடுத்த குளிர்காலத்தில் காய்ச்சலாக வந்தது, நெஞ்சில் இறங்கி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

என் பயம் போகவில்லை, மாமா. வீட்டுக்காரர் கூப்பிட்டால் இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்று சாயங்காலம், நான் பார்த்துக்கொள்கிற பெரியவரை விருந்தாளிகள் முன்னால் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து காட்டச் சொன்னார் வீட்டுக்காரர். பெரியவர் அன்றைக்கு நீங்கள் பார்த்ததுபோலவே என்னைப் பார்த்தார்.

"நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்," என்றேன். ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.