அபூ வஸீம் ஊற்றித் தந்த காப்பி

அன்பு மகள் ஹனாதிக்கு, வாப்பாவின் ஸலாம். நீயும் மருமகன் வஸீமும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடியில்லாமல் இருக்க நாங்கள் துஆ கேட்காத நாளில்லை. உன் உம்மா இப்போதுதான் எழுந்து உட்கார்ந்து ரெண்டு வாய் பருப்புக் கஞ்சி குடிக்கிறாள். ஒலிவ மரங்கள் நன்றாகக் காய்த்திருக்கின்றன, பறிக்கத்தான் ஆளில்லை. உன் தம்பி இயாஸ் குண்டு விழுந்து இறந்தான் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய் மகளே.

அரசாங்கப் பட்டாளம் ஊருக்குள் வராமலிருக்க உன் மாமனார் அபூ வஸீம் ஆரம்பித்த படை, நீ போன பிறகு நாலு முறை கொடி மாற்றிவிட்டது. மாவும் தோட்டாவும் தருகிறார்கள் என்று வடக்கத்திக் கூட்டணியில் சேர்ந்தார்கள், அது நின்றதும் கறுப்புக் கொடிக்காரர்களிடம் போனார்கள், அவர்களோடு அடித்துக்கொண்டு கூட்டணிக்கே திரும்பி வந்தார்கள். "இந்த வாரம் யாரைச் சுடணும் மாமா, சொல்லிடுங்க, மாத்திச் சுட்டுடப் போறேன்" என்று படையிலிருந்த இயாஸ் அவரையே கேலி செய்வான். போன மாதம் அவர் மறுபடி கறுப்புக் கொடிப் பக்கம் சாய்ந்தபோது பாதிப் பேர் வரமாட்டோம் என்றார்கள், இவனும் அதில் ஒருவன். படை ரெண்டானது. செவ்வாய்க்கிழமை பாலத்தருகே அவருடைய ஆட்களே இவனைப் பிடித்துக் கறுப்புக் கொடிக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

அவர் வீட்டுக்கு ஓடினேன். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஒன்றைக் கேட்கப் போனவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட வேண்டும், தருகிறேன் என்று வீட்டுக்காரன் சொன்ன பிறகுதான் குடிக்க வேண்டும், குடிக்க வைக்காமல் அனுப்பினால் வீட்டுக்காரன் மானம் போச்சு. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். "வாங்க சம்மந்தி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று அவரே ஊற்றி நீட்டினார். எத்தனை வருஷப் பழக்கம், கை தானாக வாய்க்குப் போய்விட்டது. குடித்த பிறகுதான் உறைத்தது. காலில் விழாத குறையாகக் கேட்டேன். "குடிச்சிட்டீங்களே சம்மந்தி. கீழ வெச்சிருந்தா, என் மானம் போவுதுன்னு அவங்ககிட்டச் சண்ட போட்டுப் பையனை வாங்கியிருப்பேன். இப்ப எதச் சொல்லிக் கேப்பேன்?" என்றார். அவர் கண் கலங்கியதும் உண்மை, இன்னொரு கோப்பை ஊற்றாததும் உண்மை.

வியாழக்கிழமை இயாஸைச் சுட்டுவிட்டார்கள். சனிக்கிழமை, பட்டாளம் நெருங்குகிறது என்று ரெண்டு பாதியும் சமாதானமாகி மறுபடி ஒரே படையாகிவிட்டது, அன்றைக்கே உடலைத் தந்தார்கள். அபூ வஸீம் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தார். "பிள்ளைங்களுக்குக் குண்டு விழுந்துச்சுன்னே சொல்லிடுவோம், அங்கயாவது ஒரு குடும்பம் நிக்கட்டும்" என்றார், நானும் தலையாட்டிவிட்டேன். நேற்று நீ, தம்பியைச் சுமந்ததற்கு மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்று செய்தி அனுப்பினாய். அதைக் கொண்டுபோய்ச் சொல்ல என்னால் முடியவில்லை.

வஸீமோடு சண்டை போடாதே, அவன் ஒன்றும் அறியாதவன். அவனிடம் சொல்வதும் மறைப்பதும் உன் இஷ்டம். குடித்தவன் நான், என்னைத் திட்டு. எல்லை தாண்டிப் போகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உங்கள் இருவரையும் பிரிக்காமல் வைக்கட்டும்.

உன் வாப்பா,
ஊரார் இன்னமும் அபூ இயாஸ், இயாஸின் வாப்பா, என்றே கூப்பிடுகிறவன்.