வயசு தெரியாத குதிரைகள்

ஜூன் 4

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

நம் பூங்காக் குதிரை ராட்டினத்தைப் பிரித்துவிட்டு, அங்கே வண்டி நிறுத்த இடம் போடப்போகிறார்களாம். நாற்பது வருஷம் அதை ஓட்டியவன் நான் உயிரோடு இருக்கும்போதே! ஊர்த்தலைவரிடம் நேரே போய், இது ஒரு ராஜா தன் மகளுக்காக ஒரே மரத்தில் செதுக்க வைத்தது என்றேன். "போன வாரம் ராணின்னீங்களே மாமா" என்று சிரிக்கிறான். மூக்கு ஒழுகிக்கொண்டு என் குதிரையில் சுற்றிய பயல்.

நீ பழம்பொருள் ஆபீசில் இருக்கிறாய். உன் ஒரு கையெழுத்துக்கு ஊரே நடுங்கும் என்று இங்கே சொல்லி வைத்திருக்கிறேன்.

ராட்டின மாமா

ஜூன் 15

அன்புள்ள மாமாவுக்கு,

என் கையெழுத்துக்கு எங்கள் ஆபீஸ் காவலாளிகூட நடுங்கமாட்டார். ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. ராட்டினத்துக்கு நூறு வயசு என்று உறுதியானால் யாரும் கை வைக்க முடியாது. எங்கள் நிபுணர் அடுத்த வாரம் வந்து குதிரைகளைப் பார்த்து வயசைச் சொல்வார். அவரிடம் ராஜா கதையை எடுக்காதீர்கள். தயவுசெய்து வாயைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

ஜூன் 24

அன்பு மருமகளே,

ஜெயித்துவிட்டோம். நீ வாயைத்தான் கட்டச் சொன்னாய், கையை அல்லவே. விருந்தாளி வரும்போது பிள்ளைகளை முகம் கழுவாமல் நிறுத்துவோமா? உப்புத்தாள் போட்டு, மரம் தெரியுமட்டும் எல்லாக் குதிரைகளையும் தேய்த்தேன். மேலே பளபளவென்று பெயிண்ட். வலது கை இன்னும் தூக்க வரவில்லை.

நிபுணர் பார்த்தார். ஒவ்வொரு குதிரையின் வயிற்றுக்கடியிலும் குனிந்து குனிந்து தேடினார். பிறகு மெதுவாக, "பழைய பெயிண்ட் எங்கங்க?" என்றார். ஒரு பொட்டுக்கூட விட்டுவைக்கவில்லை என்றேன். "இதுக்கு இனிமே யாராலயும் வயசு சொல்ல முடியாதுங்க" என்றார்.

பார்த்தாயா? அவ்வளவு இளமை!

ராட்டின மாமா

ஜூலை 9

அன்புள்ள மாமாவுக்கு,

திங்கட்கிழமை பிரிக்க வருவார்கள். யார் யார் காலிலோ விழுந்து பார்த்தேன், நடக்கவில்லை. ராட்டினங்களை இனி பாதுகாப்பில் எடுத்துக்கொள்வதில்லை என்று எங்கள் ஆபீசில் புதுச் சட்டம் வந்துவிட்டது. போன வாரம்தான் வந்தது. அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை. தலைவர் வேறு ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிபுணர் தன் அறிக்கையில் உங்கள் வேலையைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

இங்கே ஆபீசில் ஒருவர் அந்த ராட்டினம் யார் செய்தது என்று கேட்டார். ஒரு ராஜா தன் மகளுக்காகச் செய்ததுதான் என்று சொன்னேன். ஒரே மரம் என்றும் சொன்னேன்.

கையை ஆட்டாமல் வைத்திருங்கள்.

உங்கள் மருமகள்