வில்லாபுரம் கிளையில் உட்கார்ந்தது

ஆவணி, செவ்வாய்க்கிழமை

விற்பனைப் பெண்கள் உட்கார ஸ்டூல் தர வேண்டும் என்ற சுற்றறிக்கையை, எங்கள் துணிக்கடை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் நான்தான் எழுதினேன். மேலாளர் கையெழுத்துப் போட்டார். இன்று வில்லாபுரம் கிளைக்குப் போனால், ஸ்டூல்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன.

புடவைப் பிரிவில் நிற்கும் செல்வியிடம் காரணம் கேட்டேன்.

"உக்காந்தா கேமராவுல பாத்துட்டு ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் வருது சார்."

"யாரு பண்றது?"

"பேரெல்லாம் எங்களுக்கு எங்க தெரியுது?"

எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. ஒரு ஸ்டூலை எடுத்து வந்து, உறையைக் கிழித்து, கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கவுண்டரில் போன் அடித்தது. நானே எடுத்தேன்.

"எம்புட்டு தடவ சொல்றது? யாரு அங்க உக்காந்திருக்கது?"

எங்கள் மேலாளரின் குரல்.

"நான்தான் சார்" என்று பெயரைச் சொன்னேன். "சரி, உக்காருங்க" என்று வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாக சார்?" என்றாள் செல்வி.

"உக்காரச் சொன்னாரு."

அவள் கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நான் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை.

நாளைக் காலை மேலாளரைப் பார்த்தாக வேண்டும். எங்கள் இருவரில் யார் முதலில் இந்தப் பேச்சை எடுப்பது என்றுதான் தெரியவில்லை.