தெக்லாவின் கைத்துப்பாக்கி

மே 2, 2009, சனி

இன்றும் என் வீட்டுக்காரர் வாசில், பக்கத்துப் பண்ணை தெக்லா வீட்டுக்குப் போய்விட்டார். காற்று இந்தப் பக்கம் அடித்தால் சத்தம் கேட்கிறது. டப். டப். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன செய்கிறார்கள்?

தெக்லா தன் புருஷன் செத்ததும் அவனுடைய கைத்துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். கொட்டகைக்குப் பின்னால் தகர டப்பாவைக் குறிபார்த்துப் பழகுகிறாளாம். கற்றுக்கொடுக்க என் புருஷன்தான் கிடைத்தாரா? அறுபத்தொன்றாம் வருஷத்து அறுவடை நடனத்தில் பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு இவரை விடாமல் பிடித்து வைத்திருந்தவள். இவர் மறந்துவிட்டாராம். நான் மறக்கவில்லை.

மே 3

கேட்டேவிட்டேன். "நம்ம வீட்லயும்தான் துப்பாக்கி இருக்கு. அதால சுட்டா ஆகாதா?"

"அது நரி விரட்ட, ஹன்யா. இது கைக்குள்ள அடங்குது."

கைக்குள் அடங்குகிறதாம்! பீட்ரூட் சூப்பில் உப்புப் போடவில்லை. மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மே 15, வெள்ளி

சர்ச் மண்டபத்தில் பிரோஹி விருந்து, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை. சாப்பிட்டபின் ஒரு போலீஸ்காரப் பெண் துப்பாக்கிச் சட்டம் பேசினாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஒரு சொல் விடவில்லை. வேட்டைத் துப்பாக்கியைச் சொந்த நிலத்தில் சுடலாம். கைத்துப்பாக்கி கட்டுப்பாட்டு வகை. அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும்தான்.

"என் நிலத்துல ஒரு மைலுக்கு ஆளே கிடையாதேம்மா" என்றார் ஒருவர்.

"பத்து மைலுக்கு இல்லாட்டியும் கூடாதுங்க. உரிமம் போகும். வீட்ல இருக்கிற எல்லாத் துப்பாக்கியும் போகும்."

தெக்லா வரவில்லை. வாசில் தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. நான் இன்னொரு தட்டு பிரோஹி சாப்பிட்டேன். போலீஸ் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மே 17

போலீஸை அழைக்கவில்லை. சுட்டது அவள் மட்டுமா? இவருந்தானே. இவருடைய ரைபிளையும் எடுத்துப் போனால் கன்றுக்குட்டிகளை யார் காப்பது? அவளைப் பிடித்துக் கொடுக்கப் போய் என் ஆளையே பிடித்துக் கொடுப்பதா?

மே 18

நேரே போய்ச் சொன்னேன். "நிறுத்திடு தெக்லா. இல்லேன்னா போன் பண்ணிடுவேன்."

"தெரியும்டி. வயக்காட்டுல யாரு வந்து பாக்கப் போறான்னு இருந்துட்டேன். நீ சொல்றதுதான் சரி." தேநீர் ஊற்றினாள். சண்டையே போடவில்லை.

வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 6, சனி

அடிப்பாவி! யார்க்டன் நகரத்துச் சுடுதளத்தில் உறுப்பினராகிவிட்டாள். துப்பாக்கியும் உரிமமும் அவள் பெயரில். அவள் பக்கத்தில் நிற்காமல் இவர் அதைத் தொடவே கூடாதாம். அதனால் இரண்டு பேரும் ஒரே வண்டியில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

"எல்லாம் சட்டப்படி. பெட்டியில பூட்டி, நேர் வழியில போய், நேர் வழியில வந்தோம். நீ சொன்னதுதானே ஹன்யா?" என்று சிரிக்கிறார். மீசையில் கேக் துணுக்கு.

"நேர் வழியில கேக் கடை எப்படி வந்துச்சு?"

"பெட்ரோல் போட நின்னோம்."

ஜூன் 7

முன்பு எனக்குச் சத்தமாவது கேட்டது. இப்போது அதுவும் இல்லை. நானே செய்துகொண்டது.

ஜூன் 13, சனி

யாரையும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"நகந்து உக்காருடி, கியர் போடணும்" என்றாள் தெக்லா.

சுடுதளத்தில் கைத்துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள். "ரெண்டு கையாலயும் பிடி. மூச்சை விட்டுட்டு மெதுவா அழுத்து." முதல் குண்டு மண்ணில். அடுத்தது குறி வரைந்த காகிதத்தின் ஓரத்தில். யார் முகத்தை நினைத்துக்கொண்டு சுட்டேன் என்பதை எழுதப் போவதில்லை.

ஜூன் 20

ஓரம் இல்லை. நடு. வாசில் இரண்டு முறை கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஜூலை 4, சனி

வாசிலுக்கு முழங்கால் வீக்கம். நாங்கள் இருவர் மட்டும் போய் வந்தோம். தெக்லா வண்டி ஓட்டும்போது ஓயாமல் பேசுகிறாள். பாதி பொய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் வண்டியில எனக்கு இடம் இருக்குமா?"

தெக்லா என்னைப் பார்த்தாள்.

"பாக்கலாம்" என்றேன்.