நோரீனின் பெயர் அட்டை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே எரிச்சல். என் பெயர் அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இந்தச் சுற்றுலாத் தகவல் மையத்தில் அட்டை குத்தாமல் யாரும் மேசைக்குப் பின்னால் நிற்கக் கூடாது, அது அங்கீகார விதி என்று எல்லோருக்கும் சட்டம் பேசுகிற பொறுப்பாளர் நான்! நோரீன் பல் வைத்தியரிடம் போன ஒரு மணி நேரம், அவர் கழற்றி வைத்த அட்டையை எடுத்து நான் குத்திக்கொண்டேன். பதினோரு வருடமாகச் சம்பளம் வாங்காமல் உழைக்கிற மனுஷி, கோபித்துக்கொள்ளவா போகிறார்?

கேரவனில் வந்த ஒருவர் ஆற்றோர மோட்டல் எப்படி என்று கேட்டார். "ஐயோ, அங்க போகாதீங்க, மெத்தையெல்லாம் மூட்டைப்பூச்சி. ரயிலடி மோட்டலுக்குப் போங்க" என்றேன். தகவல் மையம் எந்தக் கடையையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பேசக் கூடாது. என் வாய் சும்மா இருந்தால்தானே.

ஏப்ரல் 15

அந்தக் கேரவன்காரர், அங்கீகாரம் தருகிறவர்கள் மாறுவேடத்தில் அனுப்பிய மதிப்பீட்டாளராம். அறிக்கை வந்துவிட்டது. வண்டி நிறுத்தும் இடத்துக்கான அம்புக்குறி வெளுத்திருக்கிறது – அது போகட்டும். "மார்ச் முதல் வாரத்தில் நோரீன் என்ற பணியாளர் ஒரு விடுதியை இகழ்ந்து, மற்றொன்றைச் சிபாரிசு செய்தார்." பதினான்கு நாளில் நடவடிக்கை எடுத்து எழுத வேண்டும். இல்லையென்றால் அங்கீகாரம் போகும். நெடுஞ்சாலைப் பலகையில் தகவல் மையத்தைக் காட்டும் மஞ்சள் நிற ஆங்கில 'ஐ' எழுத்தைக் கறுப்புத் தாள் ஒட்டி மூடிவிடுவார்கள். அந்த எழுத்தைப் பார்க்காமல் எந்த வண்டி எங்கள் ஊருக்குள் திரும்பும்?

நகராட்சியிலிருந்து டாரில் பேசினார். "ரோஸ், அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. மரியாதையா அனுப்பிடுங்க. மையத்தை மூடினா உங்க வேலையும்தான் போகும்."

"யோசிக்கிறேன்" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? அது நான்தான் என்று சொல்ல வேண்டியதுதானே. சொல்லவில்லை.

ஏப்ரல் 16

நோரீன் சண்டை போடுவார், அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"நான் இப்படியா சொன்னேன், ரோஸ்? சுத்தமா ஞாபகமே இல்லையே." தாளை மடித்து வைத்தார். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

மையத்துச் சாவியை மேசையில் வைத்தார். பாவி நான், அப்பவாவது வாயத் திறந்திருக்கலாம்ல? தேநீர் போட்டுக் கொடுத்தேன். தேநீர்!

ஏப்ரல் 17

"சம்பந்தப்பட்ட தன்னார்வலர் விலகிவிட்டார்" என்று எழுதி அனுப்பினேன்.

மே 20

அங்கீகாரம் தப்பியது. டாரில் லாமிங்டன் கேக் வாங்கி வந்தார். என் துண்டைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 12

ரொட்டிக் கடையில் நோரீன். நடந்து வந்திருந்தார்.

"கார் சாவியப் பையன்கிட்ட குடுத்துட்டேன். எங்கயாவது வழி தெரியாம நின்னுட்டா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லைங்கிறார். சின்ன வயசு டாக்டர், அவருக்கென்ன தெரியும்? செஞ்சது எனக்கே ஞாபகமில்லையே." வீட்டை விற்கிறார். அடிலெய்டில் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தாகிவிட்டது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் – ஒரே ஒரு வார்த்தை.

ஜூன் 15

தூங்கவில்லை. இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. நோரீனிடம் முதலில். பிறகு டாரிலிடம். வேலை போனால் போகட்டும்.

ஜூன் 16

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய அட்டையை நான் குத்திக்கொண்டது, மூட்டைப்பூச்சி என்று உளறியது, பயந்து வாயை மூடிக்கொண்டது. அழுதேன்.

நோரீன் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நீ நல்ல பொண்ணு, ரோஸ். என்னைத் தேத்தறதுக்காக இவ்வளவு பெரிய பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கறியே. வேற யாரு செய்வா?"

"சத்தியமா நான்தான், நோரீன். நம்புங்க."

"சரிம்மா, சரி." சிரித்தார். அடிலெய்டுக்குக் கொண்டுபோகும் பெரிய பெட்டியில் துணி அடுக்கத் தனக்கு ஒரு கை கொடுக்கச் சொன்னார். சாயங்காலம் வரை அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.